பின்பக்கத்துத் தூண்கள்

(திருவெள்ளறையில் ஒரு மாலைக் கூட்டத்தில் பேசியது. அச்சுக்காகச் சில இடங்களில் மட்டும் திருத்தியிருக்கிறேன்.)

பெரியோர்களே, தாய்மார்களே, முன்வரிசையில் பட்டாணி கொறித்துக்கொண்டிருக்கும் குழந்தைகளே, எல்லோருக்கும் வணக்கம்.

சீனாவில் ஒரு புத்தர் கோயிலுக்குப் போய்வந்த கதையைச் சொல்ல வந்தவனைச் செந்தாமரைக்கண்ணன் கோயிலுக்குப் பக்கத்தில் மேடை போட்டு நிறுத்திவிட்டீர்கள். நியாயமாகப் பார்த்தால் நான் கூச்சப்பட வேண்டும். உய்யக்கொண்டார், எங்களாழ்வான் என்ற வைணவ ஆசாரியர்கள் பிறந்த ஊர் இது. ஆனால் இங்கே வருவதற்கு முன் நாலுமூலைக் கேணியை ஒருமுறை சுற்றிப் பார்த்துவிட்டு வந்தேன். கூச்சம் போய்விட்டது. ஏன் என்று சொல்கிறேன்.

அந்தக் கேணி உங்களுக்குப் பழகிப்போன ஒன்று. நாலு பக்கமும் படி. ஒவ்வொரு படித்துறையும் நேரே போகாமல் ஒரு மடக்கு மடங்கி இறங்கும். ஒரு துறையில் குளிப்பவரை அடுத்த துறையில் இருப்பவர் பார்க்க முடியாது. மேலேயிருந்து பார்த்தால் முழு சுவஸ்திகம். தந்திவர்ம பல்லவன் காலத்தில், சுமார் 800-ஆம் ஆண்டில், ஆலம்பாக்கத்து விசயநல்லுழானின் தம்பி கம்பன் அரையன் வெட்டுவித்தது. அரசன் நாலாம் ஆண்டில் தொடங்கி ஐந்தாம் ஆண்டில் முடித்ததாகக் கல்வெட்டு சொல்கிறது. ‘மார்ப்பிடுகு பெருங்கிணறு’ என்று பெயரும் வைத்திருக்கிறார்கள். பிடுகு என்றால் இடி; அது அரசனுடைய பட்டம். கிணற்றுக்கு அரசன் பட்டத்தை வைத்துவிட்டு, பக்கத்திலேயே வாழ்வு நிலையில்லாதது, மூப்பு வருமுன் கையிலிருப்பதைப் பகிர்ந்து கொடு என்று ஒரு பாட்டையும் வெட்டி வைத்தார்கள்.

கேணியின் இந்தச் சுவஸ்திகக் குறியைத்தான் நான் சீனத்தில் எங்கு திரும்பினாலும் பார்த்தேன். புத்தர் மார்பில் இருக்கிறது. கோயில் சன்னல் சட்டங்களில் மரத்தில் இழைத்திருக்கிறார்கள். நம்மிடம் அது மங்கலக் குறி. அவர்களிடம் எழுத்தாகவே ஆகிவிட்டது. பேரரசி வூ ட்சதியன் 693-இல் அதை ஓர் எழுத்தாகவே ஏற்கச் செய்தாளாம். உச்சரிப்பு ‘வான்’. பத்தாயிரம் என்ற சொல்லுக்கும் அதே ஒலி. ‘ஆகா, வான் என்பது தமிழ்ச்சொல் அல்லவா’ என்று யாரும் கிளம்பிவிட வேண்டாம். இன்று ராத்திரி அந்த வேலைக்கு நான் ஆள் இல்லை.

நான் போன ஊருக்கு வரைபடத்தில் குவான்சோ என்று போட்டிருப்பார்கள். அங்குள்ளவர்கள் வாயில் அது சுவான்சோ. குவாங்சோ என்று வேறொரு பெரிய நகரம் இருக்கிறது, அதோடு குழப்பிக்கொள்ளக் கூடாது. நான் குழப்பிக்கொண்டு ஒரு பயணச்சீட்டை ரத்து செய்தவன், அனுபவத்தில் சொல்கிறேன். திருச்சியிலிருந்து சிங்கப்பூர், அங்கிருந்து சியாமென், பிறகு அதிவேக ரயில். ரயிலில் ஏறி உட்கார்ந்து தண்ணீர் குடித்து நிமிர்ந்தால் ஊர் வந்துவிடுகிறது. ஃபூஜியன் மாகாணத்துத் துறைமுகம். அரபு வணிகர்கள் ஜைத்தூன் என்றார்கள். மார்க்கோ போலோ 1292-இல் கப்பலேறிப் புறப்பட்ட துறை இதுதான். அலெக்சாந்திரியாவுக்கு மிளகோடு ஒரு கப்பல் போனால் இந்த ஊருக்கு நூறு கப்பல் வரும் என்பது அவர் கணக்கு. வணிகர் கணக்கு, பாதி தள்ளினாலும் ஐம்பது மிஞ்சுகிறது.

இன்றைக்கு அது நம் கோவையைப் போலத் தொழில் பெருத்த நகரம். செருப்பும் ஆடையும் செய்கிற ஆலைகள் நிறைய. பழைய நகரத்தின் மேற்குத் தெருவில்தான் கோயில். தெரு முழுக்கக் கூட்டம். தலையில் பூ வைத்த பெண்கள்! ஓர் ஆள், இரண்டு ஆள் இல்லை, தெருவே பூவாக இருந்தது. கொண்டையைச் சுற்றி வளையம் வளையமாகப் பூச்சரம். பக்கத்திலுள்ள சுன்பு என்ற மீனவக் குப்பத்துப் பெண்களின் வழக்கம் அது. 2023 வாக்கில் சீனத்து இளம்பெண்களுக்கு அதில் திடீரென்று மோகம் பிறந்து, வெளியூரிலிருந்து வருகிறவர்கள் எல்லாம் கூலி கொடுத்துத் தலை அலங்காரம் செய்துகொண்டுதான் கோயிலுக்குள் நுழைகிறார்கள். என் மனைவி, ‘வெள்ளிக்கிழமை ஸ்ரீரங்கம் மாதிரி இருக்கிறதே’ என்றாள். அவள் தலையில் மட்டும் அன்றைக்குப் பூ இல்லை.

கோயிலின் பெயர் கையுவான். 686-இல் ஏற்பட்டது. முதல் பெயர் தாமரைக் கோயில். 738-இல் அரசாணைப்படி இப்போதுள்ள பெயர் வந்தது. தலபுராணத்தைக் கேளுங்கள். அந்த இடம் ஹுவாங் என்ற நிலக்காரரின் முசுக்கொட்டைத் தோட்டம். பட்டுப்புழுவுக்கு இலை பறிக்கிற மல்பெரி. ஒரு துறவி வந்து கோயில் கட்ட இடம் கேட்டார். கொடுக்க மனமில்லாத செல்வர், ‘என் மல்பெரி மரத்தில் வெண்தாமரை பூக்கட்டும், தருகிறேன்’ என்றார். சில நாளில் பூத்துவிட்டது. இப்படியெல்லாம் நிபந்தனை போட்டு மாட்டிக்கொண்டவர்கள் நம் தலபுராணங்களில் எத்தனை பேர்! அந்த மரம் இதுதான் என்று ஒன்றைக் காட்டுகிறார்கள். மின்னல் விழுந்து மூன்றாகப் பிளந்து, மூன்று துண்டும் மூன்று திசையில் சாய்ந்தபடி இன்னும் துளிர்க்கிறது.

வெண்தாமரைக்கு வடமொழியில் என்ன பெயர்? புண்டரீகம். இந்த ஊர்ப் பெருமாள் யார்? புண்டரீகாக்ஷன். தாயார் பங்கஜவல்லி. மலையோ வெள்ளை அறை. கண்ணை வெண்தாமரை என்பதா செந்தாமரை என்பதா என்ற வழக்கைப் பட்டாச்சாரியார்களிடம் விட்டுவிடுகிறேன். பௌத்தர்களும் தங்கள் தலைசிறந்த நூல்களில் ஒன்றுக்குச் சத்தர்ம புண்டரீகம் என்றே பெயர் வைத்திருக்கிறார்கள். இதை வைத்து உறவு கொண்டாட நான் வரவில்லை. தாமரை எல்லார் குளத்திலும்தான் பூக்கிறது. ஆனாலும் வெண்தாமரைக் கோயில் வாசலில் திருவெள்ளறையைத் தெரிந்த ஒருவன் நின்றால் கொஞ்சம் சிலிர்க்கத்தான் செய்யும்.

உள்ளே பெரிய முற்றம். ஆலமரங்கள், புறாக்கள், ஊதுவத்திப் புகை. இரண்டு பக்கமும் இரண்டு கற்கோபுரங்கள், எட்டுப்பட்டை, ஐந்து நிலை. கிழக்குக் கோபுரம் சுமார் 48 மீட்டர், மேற்குக் கோபுரம் சற்றே குட்டை. இரண்டும் 13-ஆம் நூற்றாண்டில் கல்லால் எழுப்பியவை. 1604-இல் அந்தக் கடற்கரையையே உலுக்கிய பூகம்பத்துக்கும் அசையவில்லை. மேற்குக் கோபுரத்தில் குரங்கு முகமுள்ள ஒரு வீரன் நிற்கிறான், கையில் வாள். சீனர்கள் தங்கள் குரங்கு வீரன் சுன் வூகோங் என்கிறார்கள். நம்மவர் யாராவது போனால் அநுமார் என்பார்கள். நானும் கன்னத்தில் போட்டுக்கொண்டேன், சண்டை எதற்கு?

நடுவில் பெரிய மண்டபம், ஐந்து புத்தர்கள் பொன்னிறத்தில். ‘நூறு தூண் மண்டபம்’ என்று பெயர், எண்ணினால் 86. சிரிக்காதீர்கள், ஸ்ரீரங்கத்து ஆயிரங்கால் மண்டபத்தில் நிற்கும் தூண் 953 தான். மீதியை வைகுண்ட ஏகாதசிக்குக் கால் நட்டு நிரப்புகிறோம். அவர்கள் அந்தச் சிரமமும் படுவதில்லை. தூண்களின் தலையில் விட்டத்தைத் தாங்கி 24 தேவமகளிர். பறவைச் சிறகு, கையில் வாத்தியம், பழத்தட்டு.

எல்லோரும் முன்வாசலில் ஊதுவத்தி கொளுத்திக் கும்பிட்டுவிட்டுப் போய்விடுகிறார்கள். நாம் பார்க்க வேண்டியது பின்பக்கம் இருக்கிறது. மண்டபத்தைச் சுற்றிக்கொண்டு பின்தாழ்வாரத்துக்கு வந்தால் நடுவில் இரண்டு தூண்கள். மற்றத் தூண்கள் ஒரு சாயல், இவை வேறு சாயல். பச்சையோடிய கருங்கல். சதுரம், பிறகு பதினாறு பட்டைக் கட்டு, மறுபடி சதுரம். நம் ஊர்ச் சிற்பி யாரை எழுப்பிக் கேட்டாலும் தூக்கத்தில்கூடச் சொல்லிவிடுகிற வரிசை. சதுரங்களின் முகத்தில் வட்டங்கள். ஒரு வட்டத்தில் நரசிம்மர் மடியில் இரணியன். ஒன்றில் காளியன் மேல் கண்ணன். ஒன்றில் மருத மரங்களைச் சாய்க்கிற பிள்ளை. மல்லர்கள் கட்டிப் புரளுகிறார்கள். ஒன்றில் கருடன் மேல் பெருமாள், கீழே யானை.

அந்த யானையின் முன் எவ்வளவு நேரம் நின்றேன் என்று தெரியாது. தாமரை பறித்துக் கொடுக்கப் போய் முதலையிடம் மாட்டிய யானை. கதையை எனக்குச் சொன்னவள் என் பாட்டி, ஸ்ரீரங்கத்தில் அம்மா மண்டபத்துப் படியில் உட்கார்ந்து. அவளுக்குச் சீனா என்றால் சீனிச்சட்டி, சீனாக்காரம், அவ்வளவுதான். அவள் சொன்ன கதை அவளுக்கு 600 வருஷம் முன்பே கடல் தாண்டிப் போய், பச்சைக் கல்லில் உட்கார்ந்து, தாமரைக் கோயிலின் பின்வாசலில் எனக்காகக் காத்திருந்ததைப் போல இருந்தது.

பக்கத்தில் ஒரு பாட்டி, பூ வைத்த சீனப் பாட்டி, என்னைப் பார்த்து, தூணைக் காட்டி, ‘யிந்து?’ என்றாள். யிந்து என்றால் இந்தியா. ஆமாம் என்று தலையசைத்தேன். அவள் கையிலிருந்த ஊதுவத்தியில் ஒன்றை என்னிடம் கொடுத்துவிட்டுப் போனாள்.

முன்பக்கத்துக்குத் திரும்பி வந்து மண்டபத்தின் அதிட்டானத்தைப் பாருங்கள். மனித முகமும் சிங்க உடலுமாக 70-க்கும் மேற்பட்ட பலகைகள். நம் கோயில்களில் பார்க்கிற புருஷாமிருகம்! புத்தரைத் தரிசிக்கிற ஒவ்வொருவரும் அதைத் தாண்டித்தான் ஏறுகிறார்கள்.

இவை எப்படி அங்கே வந்தன? 1956-இல் அந்த நகரத்தில் ஒரு கல்வெட்டு கிடைத்தது. தமிழில். சக ஆண்டு 1203, சித்திரை மாதம், அதாவது 1281. தொடக்கத்திலேயே சுவஸ்தி ஸ்ரீ வருகிறது. சம்பந்தப் பெருமாள் என்ற தவச்சக்கரவர்த்திகள், செகசை கான் திருமேனி நன்றாக இருக்கும்பொருட்டுச் சிவபெருமானை எழுந்தருளப் பண்ணினார் என்று செய்தி. செகசை கான் வேறு யாருமில்லை, குப்லாய் கான். அந்தக் கானின் ‘பர்மான்’ படி செய்ததாகவும் வருகிறது. பர்மான் பாரசீகச் சொல். மங்கோலிய அரசன், பாரசீக ஆணை, தமிழ்ச் சிவன், கீழே ஒரு வரி சீன எழுத்து. ஒரு கல்லுக்குள் இத்தனையும்.

இங்கே அப்போது மாறவர்மன் குலசேகர பாண்டியன் ஆட்சி. சுந்தர பாண்டியன் அரங்கன் விமானத்துக்குப் பொன் வேய்ந்து சில ஆண்டுகளே ஆகியிருந்தன. அந்தப் பொன்னிலும் கடல் வாணிபத்தின் பங்கு இல்லாமலா இருக்கும்? நாகப்பட்டினத்திலும் காயலிலும் ஏறிய மிளகும் துணியும் சுவான்சோவில் இறங்கின. 1974-இல் அந்த ஊர்க் கழிமுகத்துச் சேற்றிலிருந்து 13-ஆம் நூற்றாண்டுக் கப்பல் ஒன்றைத் தோண்டியெடுத்து, இதே கோயில் வளாகத்துக்குள் ஒரு கொட்டகையில் வைத்திருக்கிறார்கள். அதில் என்ன இருந்தது தெரியுமா? சந்தனக்கட்டை, மிளகு, சாம்பிராணி, கொட்டைப்பாக்கு. வெற்றிலை மட்டும்தான் குறை.

நகரத்தின் கடல்வாணிப அருங்காட்சியகத்தில் இன்னும் பல துண்டுகள். அங்கே ஒரு பலகையில் யானை ஒன்று துதிக்கையால் தாமரையை லிங்கத்துக்குச் சாற்றுகிறது. திருவானைக்கா! என்று நான் கத்தியதில் காவலர் திரும்பிப் பார்த்தார். காளத்திக்காரர்கள் தங்கள் கதை என்று உரிமை கேட்பார்கள், கேட்கட்டும். காவிரிக் கரையில் பிறந்தவனுக்கு அது ஆனைக்காதான்.

அந்தச் சிவன் கோயிலோ, இந்தத் தூண்களும் பலகைகளும் முதலில் நின்ற தமிழர் கோயில் எதுவுமோ இன்று இல்லை. 1357 முதல் சுமார் பத்தாண்டுக் காலம் அந்த ஊரில் பெரும் கலகம். பாரசீகப் படையினர் கிளர்ந்தார்கள், பிறகு அவர்களை அடக்கினார்கள். வெளிநாட்டாரின் குடியிருப்புகள் அழிந்தன. இங்கே அதே காலத்தில் ஸ்ரீரங்கத்து நம்பெருமாள் ஊர் ஊராக மறைந்து திரிந்துகொண்டிருந்தார். 1371-இல்தான் அரங்கத்துக்குத் திரும்பினார். அவருக்குத் திரும்ப ஓர் ஊர் இருந்தது. சுவான்சோவின் தெய்வங்களுக்கு அது இல்லை. கல் மட்டும் மிஞ்சியது. மதில் சுவரில் வைத்தார்கள், படிக்கல்லாகப் போட்டார்கள். மிங் அரசர்கள் காலத்தில் கையுவான் மண்டபத்தைப் புதுப்பித்தபோது யாரோ ஒரு கொத்தனாரோ துறவியோ இந்தத் தூண்களைப் பார்த்து, நன்றாயிருக்கிறதே, நிறுத்து என்று சொல்லியிருக்க வேண்டும்.

நரசிம்மர் இன்னார் என்று அவர்களுக்குத் தெரிந்திருக்காது. பக்கத்து ஊர் ஒன்றில் நாலு கையும் காலடியில் அசுரனுமாக ஒரு தேவி சிலை இருக்கிறது. ஊரார் குவான்யின் என்றே கும்பிடுகிறார்கள். நம் பக்கத்திலும் வயலில் கிடைத்த புத்தரை முனி என்றும் ரிஷி என்றும் சொல்லிச் சூடம் காட்டுகிற ஊர்கள் உண்டு. சோழநாடு முழுக்க அலைந்து அப்படிப்பட்ட புத்தர்களைத் தேடிப் பதிவு செய்தவர் முனைவர் பா. ஜம்புலிங்கம். பெயர் தெரியாமல் கும்பிடுவது அறியாமை என்று படித்தவர்கள் சொல்வோம். ஆனால் அந்த அறியாமைதான் பல சிலைகளைச் சுண்ணாம்புக் காளவாயிலிருந்து காப்பாற்றியிருக்கிறது.

பெயர் தெரிந்து காப்பாற்றியவரும் ஒருவர் உண்டு. வூ வென்லியாங் என்ற பள்ளி ஆசிரியர். 1920-களில் தொடங்கி, பழைய மதில்களை இடிக்கும்போது விழுகிற செதுக்கல் கற்களை எல்லாம் தேடிச் சேர்த்தார். தமிழ்க்கல், அரபுக்கல், சிலுவைக்கல் என்று பார்க்கவில்லை. 1957-இல் அவற்றைப் பற்றிப் புத்தகம் போட்டார். 2021-இல் யுனெஸ்கோ அந்த நகரத்தின் 22 இடங்களை உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்ததே, அதற்கு அஸ்திவாரம் இந்த வாத்தியார் தூக்கிச் சுமந்த கல். நானும் வாத்தியார் வேலை பார்த்தவன். எனக்குக் கல் தூக்கத் தோன்றவில்லை.

இந்தக் கதையைச் சொன்னால் நம்மவர்கள் உடனே நெஞ்சை நிமிர்த்திக்கொள்கிறார்கள். ‘பார்த்தீர்களா, சீனாவிலேயே நாம் கோயில் கட்டினோம்!’ இன்னும் சிலர் போதிதர்மரை இழுத்துவருவார்கள், ‘ஏழாம் அறிவு’ படம் வந்த நாளிலிருந்து அது ஓய்ந்தபாடில்லை. கட்டியது பெருமைதான், மறுக்கவில்லை. ஆனால் அந்தத் தூண்களின் முன்னால் நின்றபோது எனக்கு நாகப்பட்டினம்தான் நினைவுக்கு வந்தது.

ஸ்ரீவிஜய அரசன் மாறவிஜயோத்துங்கவர்மன் தன் தகப்பன் பெயரால் அங்கே சூடாமணி விகாரம் எடுத்தான். சிவபக்தனான ராஜராஜன் அதற்கு ஆனைமங்கலத்தை இறையிலியாகக் கொடுத்தான். பிறகு சீனர்களும் வந்தார்கள். 14-ஆம் நூற்றாண்டுச் சீனப் பயணி வாங் தாயுவான், அந்தக் கடற்கரையில் ஒரு செங்கல் கோபுரம் இருந்ததாகவும், 1267-இல் முடிந்தது என்று அதில் சீன எழுத்து இருந்ததாகவும் எழுதியிருக்கிறார். நாகையில் 19-ஆம் நூற்றாண்டு வரை ஒரு பழைய கோபுரம் நின்றது. புதுவெளிக்கோபுரம் என்பார்கள், சீனக் கோபுரம் என்றும் பெயர். வாங் பார்த்தது இதுதானா, இது விகாரத்தின் மிச்சமா என்று அறிஞர்கள் இன்னும் வாதாடுகிறார்கள். வால்டர் எலியட் 1846-இல் போய்ப் பார்த்திருக்கிறார். மூன்று நிலை, உச்சி திறந்து கிடந்தது. கடலில் வருகிற மாலுமிகளுக்கு அது கரை காட்டிய அடையாளம். ஏசு சபையார் தங்கள் கல்லூரி வளாகத்தில் கட்டடம் எழுப்ப அதை இடிக்கக் கேட்டார்கள். முதலில் தயங்கிய அரசு 1867-இல் அனுமதி கொடுத்தது. இடித்தாயிற்று. அந்தக் கல்லூரி 1883-இல் நம் திருச்சிக்கு வந்தது. தெப்பக்குளத்துக்குப் பக்கத்தில் இருக்கிற ஜோசப் கல்லூரிதான். அங்கே படித்துப் பெரியவர்களானவர்கள் இந்தக் கூட்டத்திலேயே பத்துப் பேர் இருப்பீர்கள், கோபித்துக்கொள்ள வேண்டாம். அன்றைக்கு அந்தக் கோபுரம் யாருக்கும் சொந்தமில்லை. சொந்தமில்லாத கல்லுக்கு யார் வாதாடுவது?

சுவான்சோவின் தூண்களும் யாருக்கும் சொந்தமில்லைதான். அங்கே தமிழர் எவரும் இல்லாமல் போய் 600 ஆண்டு ஆகிறது. ஆனாலும் அவற்றை மழை படாத தாழ்வாரத்தில் நிறுத்தி, தினமும் பெருக்கி, மேலே கூரை மாற்றும்போதெல்லாம் கூடவே பாதுகாத்து வந்திருக்கிறார்கள். அவர்கள் ஊரிலும் அடித்து உடைத்த காலங்கள் உண்டு, அண்மையிலும் உண்டு. அதையும் தாண்டித் தூண்கள் நின்றிருக்கின்றன.

கம்பன் அரையன் கேணிக்கு இன்று கம்பிவேலி போட்டிருக்கிறார்கள், நல்லது. நான் போனபோது படியோரம் இரண்டு பிளாஸ்டிக் பாட்டில் மிதந்தன. ஊர்ப் பிள்ளைகள் யாராவது எடுத்துவிடுவார்கள் என்று நினைக்கிறேன். பட்டாணிப் பொட்டலக் காகிதத்தையும் சேர்த்துத்தான் சொல்கிறேன், தம்பி.

பேச்சு போதும். படங்கள் கொண்டுவந்திருக்கிறேன். அந்த விளக்கை மட்டும் யாராவது அணையுங்கள். முதல் படம் யானை இருக்கிற தூண். சாய்ந்தாற்போலத் தெரியும். தூண் நேராகத்தான் நிற்கிறது; என் கை ஆடிவிட்டது.